துரை பங்களாவில் எத்தனை தலைக்கட்டு

விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்கிற மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு யாராவது சுற்றுலா போவார்களா? நாங்கள் போனோம். வைகாசி வெயிலில், கல்வராயன் மலையில் ஒரு பழைய காலத்து பங்களாவை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு. யோசனையில் பாதி என்னுடையது. அதனால் நடந்ததற்கெல்லாம் புலம்புகிற உரிமையில் பாதியும் எனக்கு உண்டு.

மீதிப் பாதி என் சம்பந்தியம்மாவுடையது. மருமகன் கார்த்தியின் அம்மா. அவர்களுக்குக் கள்ளக்குறிச்சி பக்கம் வடக்கனந்தல். கரும்பு விவசாயம். எங்களுக்குக் கோயமுத்தூர். பெங்களூரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்த என் மகள் நித்யாவும் கார்த்தியும் விரும்பிக் கட்டிக்கொண்ட கல்யாணம் அது. இப்போது அதே பெங்களூரில் ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாக ரூம் எடுத்து இருக்கிறார்கள்.

அடித்தானா என்றால் இல்லை. குடித்தானா என்றால் அதுவும் இல்லை. வேறு யாரும் நடுவில் இல்லை. "ஒண்ணுமில்லம்மா, முடிஞ்சு போச்சு" என்று என்னிடம் அவள் சொன்னதையேதான் அவன் தன் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறான். சண்டை என்றால் சமாதானம் பேசலாம். ஒன்றுமில்லை என்பதை எங்கே பிடித்து நிமிர்த்துவது? இருவரும் சேர்ந்தே மனுப் போட்டுவிட்டார்கள். யோசிக்க அவகாசம் கொடுத்து, அப்புறம் வாருங்கள் என்று கோர்ட்டில் அனுப்பியிருந்தார்கள். அந்த அவகாசத்துக்குள் எப்படியாவது ஒட்டவைத்துவிட வேண்டும் என்று நாங்கள் இரண்டு அம்மாக்களும் போனில் தினமும் திட்டம் போட்டோம்.

நித்யா வடக்கனந்தலுக்கு வர மாட்டேன் என்றாள். கார்த்தி கோயமுத்தூருக்கு வர மாட்டேன் என்றான். பொது இடமாக ஒன்று வேண்டியிருந்தது. "மலைல துரை பங்களா ஒண்ணு வாடகைக்கு வுடறாங்களாம் சம்பந்தி. எங்க வூட்டுக்காரரு நெட்டுல பாத்தாரு. ரெண்டு பேரையும் மேல கொண்டாந்து வுட்டுட்டா அங்க பஸ்ஸே கம்மி, எங்க ஓடிருவாங்க?" என்றார் சம்பந்தியம்மா. கேட்டதும் எனக்குப் பிடித்துவிட்டது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் எங்கள் வேன் போய் நின்றபோது காலை வெயிலே மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊரில் இந்த மாதத்தில் பாலக்காட்டுக் காற்று இறங்கிவிடும். இங்கே காற்று என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. பிள்ளைகள் இருவரும் ஒரே ஊரிலிருந்து இரண்டு வேறு பஸ்களில் வந்து இறங்கி, நிலையத்தின் இந்தக் கோடியில் ஒருத்தரும் அந்தக் கோடியில் ஒருத்தருமாக நின்றுகொண்டிருந்தார்கள். வேனில் ஏறும்போது ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள், லிப்டில் எதிர்ப்படுகிற ஆபீஸ்காரர்களைப் போல. முறைத்திருந்தால்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன்.

வழியில் வடக்கனந்தலில் சம்பந்திகள் ஏறிக்கொண்டார்கள். ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு, ஒரு பலாப்பழம், போர்வை மூட்டை, மிளகாய்த்தூள். பங்களாவில் தங்கப் போகிறோமா குடியேறப் போகிறோமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "பசங்க சாப்புடணும்ங்களே" என்றார் சம்பந்தியம்மா. பசங்க இரண்டு பேரும் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறியதுமே வேன் முனகத் தொடங்கியது. சில வளைவுகளுக்குப் பிறகு ஒரு கருகிய நாற்றம். கோயமுத்தூரிலிருந்து வந்த எங்கள் டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் போயிருச்சுங்க. இனி இது மேல ஏறாதுங்க" என்றார். ஏறாததற்குத் தான் காரணம் இல்லை என்பதைப் போல பாறை மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். வெள்ளிமலை பஸ் வரும்வரை நாங்கள் பலாப்பழத்தைக் காவல் காத்தோம்.

பஸ்ஸில் கூட்டம். ஒரே ஒரு இரட்டை சீட் காலியாக இருந்ததைப் பாய்ந்து பிடித்த சம்பந்தியம்மா, அதில் உட்காராமல் கையை விரித்துக்கொண்டு நின்றார். "நித்யா, இங்க வாம்மா. கார்த்தி, நீயும் வாடா." கார்த்தி வந்து உட்கார்ந்தான். நித்யா, "நீங்க உக்காருங்க அத்தை, உங்களுக்குத்தான் முட்டி வலி" என்று மாமியாரை அழுத்தி உட்காரவைத்துவிட்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரியாதையில் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பின் சீட்டில் சந்தைக்குப் போய்த் திரும்புகிற இரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி சம்பந்தியம்மாவின் தோளைத் தட்டினாள்.

"இன்னாங்க, புதுசா கல்யாணம் ஆனதுங்களா?"

"ஆமா" என்றார் சம்பந்தியம்மா, கூசாமல்.

"அதான் மூஞ்சி குடுத்துப் பேசிக்க மாட்டேங்குதுங்க. வெக்கம். பொறவு பாருங்க, ஊரு தாங்காது."

நானும் சம்பந்தியம்மாவும் தேவைக்கு மேல் சிரித்தோம். அப்புறம் அவர் ஒரு பக்க ஜன்னலையும் நான் மறுபக்க ஜன்னலையும் பார்த்துக்கொண்டு வந்தோம்.

விளம்பரத்தில் பார்த்த பங்களா வேறு, நேரில் பார்த்தது வேறு. படத்தில் இருந்த அகலமான வராந்தாவும் உயரமான தூண்களும் இருக்கத்தான் இருந்தன. வராந்தாவின் ஒரு பாதியில் யாரோ கடுக்காய் காயவைத்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் குளிர்காய்ந்த கணப்பு அடுப்பில் வெங்காயம் கொட்டிவைத்திருந்தது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே போகிறவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். தங்கள் கல்யாணத்துக்கு முன்பு கேட்ட பாட்டுகளை எல்லாம் அப்பாக்கள் இருவரும் அங்கேதான் ஒப்பித்தார்கள்.

பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் சின்னப்பையன். வயது என் வீட்டுக்காரரைவிடக் கூட இருக்கும். எந்தத் துரை கட்டிய பங்களா என்று கேட்டால் வேட்டைக்கு வந்த துரை என்பார். மறுபடி கேட்டால் மலையை அளக்க வந்த துரை என்பார். சாயங்காலம் கேட்டபோது காப்பித் தோட்டம் போட வந்து நொடித்துப் போன துரை ஆகியிருந்தார். துரைக்குப் பெண்டாட்டி இருந்தாளா என்று சம்பந்தியம்மா கேட்டார். "இருந்தாங்க. இந்தக் குளுரு ஒத்துக்காம சீமைக்கே போய்ட்டாங்களாம்" என்றார் சின்னப்பையன். ஏன் கேட்டோம் என்றிருந்தது.

நாங்கள் முன்னாடியே பேசிவைத்திருந்தபடி, துரையின் பெரிய கட்டில் இருந்த அறையைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினோம். கருங்காலி மரம், நாலு மூலையிலும் கடைந்த கம்பம், ஒரு காலுக்குப் பதில் செங்கல். நித்யா தன் பாயைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள். கார்த்தி வராந்தாவில் கடுக்காய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டான். மறுநாள் காலையில் பார்த்தால் சரித்திரப் புகழ்பெற்ற அந்தக் கட்டிலில் போர்வை மூட்டையும் பலாப்பழமும் ஜோடியாகப் படுத்திருந்தன.

சாப்பாட்டுக்கு மட்டும் குறை இல்லை. சின்னப்பையன் கொண்டுவந்து கொடுத்த சாமை அரிசியைச் சம்பந்தியம்மா உதிரி உதிரியாக வடித்தார். நாட்டுக்கோழியை யார் எப்படிச் சமைப்பது என்பதில் ஒரு சின்ன யுத்தம். எங்கள் பக்கம் தேங்காய் அரைத்து ஊற்றாவிட்டால் குழம்பே இல்லை. "இன்னா சம்பந்தி, கோழிக்குப் பாயாசமா வெக்கறீங்க?" என்று அவர் மிளகாய்த்தூளை எடுத்தார். கடைசியில் பாதி அவர் முறை, பாதி என் முறை என்று ஒரு குழம்பு வந்தது. ருசி நன்றாகவே இருந்தது. புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டு சமைத்த அந்த நேரத்தில் எதற்காக வந்தோம் என்பதே எனக்கு மறந்துபோனது. இந்தக் கல்யாணத்தில் என் மகளுக்கு என்ன கிடைத்ததோ தெரியாது. எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு சிநேகிதி கிடைத்திருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் மழை வெளுத்து வாங்கியது. பங்களாவின் கூரை அதில் பாதியை உள்ளே விட்டது. அண்டா குண்டான் எல்லாவற்றையும் பரப்பிவைத்துவிட்டு, நடுவில் காய்ந்திருந்த இடத்தில் அப்பாக்கள் இருவரும் சீட்டாடினார்கள். இவ்வளவு மழை பெய்ததே, நாளைக்கு அருவியில் தண்ணீர் கொட்டும் என்று பேசிக்கொண்டோம்.

கொட்டவில்லை. மறுநாள் ஜீப் பிடித்துப் போனால், பாறையில் ஒரு ஈரக்கோடு மட்டும் இருந்தது. "போன வாரம் சுமாரா இருந்துச்சு" என்றார் ஜீப்காரர். எங்கே போனாலும் நாங்கள் போன வாரம்தான் போயிருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. பிள்ளைகள் இருவரும் தாங்களாகவே முன்னால் நடந்து போய், ஒரு பாறை மேல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பேசினார்கள். கார்த்தி ஏதோ சொல்ல, நித்யா சிரித்தாள். சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து நெரித்தார். அப்பாக்களை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் மரத்து மறைவில் மெதுவாகக் கிட்டே போனோம். இந்த வயதில் ஒட்டுக்கேட்கப் போனது வெட்கம்தான். பெற்றவர்களுக்கு அதெல்லாம் பார்க்க முடியாது.

"வாஷிங் மெஷின நீயே வெச்சுக்க. என் ரூம்ல எடமில்ல" என்று கார்த்தி சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்ப மிக்ஸி நீ எடுத்துக்க. உனக்குச் சட்னி இல்லாம எறங்காது."

"சரி. அந்தப் பெரிய செடித்தொட்டி?"

"அதையும் நீயே எடுத்துக்க. நான் தண்ணி ஊத்த மறந்துருவேன்."

இவ்வளவு அன்பாகப் பேசிக்கொள்கிறவர்கள் ஏன் பிரிய வேண்டும் என்று கத்த வேண்டும் போலிருந்தது. சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தார். ஜீப்பில் யாரும் எதுவும் பேசவில்லை. அருவியில் தண்ணீர் இல்லாததால் வந்த வருத்தம் என்று ஜீப்காரர் நினைத்துக்கொண்டு, இன்னொரு அருவி இருப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம்.

சாயங்காலம் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சின்னப்பையன் குளித்து, வேட்டி மாற்றி, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். அன்றைக்கு அவர்கள் ஊரில் சாமி கும்பிடுகிறார்களாம். ஆடு வெட்டி, விடிந்ததும் ஊருக்கெல்லாம் பங்கு பிரிப்பார்களாம்.

"எல்லைக்குள்ள இன்னிக்கு யாரு தங்குனாலும் பங்கு போயாகணும்ங்க. வுட்டுப் போனா சாமி குத்தம். பங்களாவுல எத்தினி தலக்கட்டுங்க?"

என் வீட்டுக்காரர் எங்களை எல்லாம் விரல் நீட்டி எண்ணினார். "ஆறுங்க."

"ஆறா!" சின்னப்பையன் பங்களாவுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னும் யாரு யாரு வந்துகினு இருக்காங்க?"

சம்பந்தியம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "தலைய எண்ணச் சொல்லலீங்க சம்பந்தி. கல்யாணம் கட்டி தனியா அடுப்பு வெச்சா அது ஒரு தலக்கட்டு. புருசன், பொண்டாட்டி, புள்ளைங்க எல்லாம் சேத்து ஒண்ணு. அதான் கணக்கு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அப்ப மூணுங்க. மூணு தலைக்கட்டு." தேவையில்லாமல் உரக்கச் சொன்னேன். சாமி காரியத்தில் மூணு என்று சொல்லிவிட்டால் அது மூணாகவே நின்றுவிடும் என்று ஒரு பைத்தியக்கார ஆசை. சம்பந்தியம்மாவும், "ஆமா, மூணு, மூணு" என்று கூடவே சொன்னார்.

"நாலுன்னு சொல்லுங்க" என்றாள் நித்யா. டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாமிகிட்டப் பொய் சொல்லி எதுக்குங்க. நான் தனி. அவர் தனி."

சின்னப்பையனுக்குப் புரியவில்லை. "தனின்னா?"

கார்த்திதான் சொன்னான். "நாங்க ரெண்டு பேரும் பிரிஞ்சிட்டோங்க." அவன் அப்பாவும் அம்மாவும் என் வீட்டுக்காரரும் நானும் இருக்கிற இடத்தில் அந்த வார்த்தையை அவன் சொன்னது அதுதான் முதல் தடவை.

சின்னப்பையன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. கணக்குச் சரியாக வர வேண்டும் என்கிற கவலை மட்டும்தான் இருந்தது.

"அப்பிடின்னா நாலு வராதுங்களே. பொண்ணு அவுங்க அப்பா வூட்டோட சேந்துக்கும். புள்ள அவுங்க அப்பா வூட்டோட. ரெண்டுதாங்க."

பிள்ளைகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். "ரெண்டுதாங்க" என்றான் கார்த்தி. மூணு என்று நான் சொன்னேன், நாலு என்று அவள் சொன்னாள், ரெண்டு என்று முடித்துவிட்டுச் சின்னப்பையன் இறங்கிப் போனார். சீட்டுக்கட்டை எடுத்த சம்பந்தி அதைப் பிரிக்காமலே மறுபடி பெட்டிக்குள் வைத்தார்.

நான் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்து அழுதேன். நித்யா வந்து பக்கத்தில் நின்றாள். "இன்னும் ஒரே ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாரு கண்ணு" என்றேன். என் தலையைத் தன் இடுப்போடு சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கு அழுக வர்ல அம்மா. எல்லாம் ரூம்லயே அழுது முடிச்சிட்டேன். நீ இப்ப எனக்காக அழுகல. உன்ற சம்பந்திக்காக அழுகற."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

விடிந்ததும் பங்கு வந்தது. தேக்கிலையில் சுற்றி, நாரால் கட்டிய இரண்டு பொட்டலங்கள். ஒன்றை என் வீட்டுக்காரர் கையிலும் ஒன்றைச் சம்பந்தி கையிலும் கொடுத்தார் சின்னப்பையன். நான் பழக்க தோஷத்தில் ஒரே சட்டியை எடுத்துக் கழுவினேன். "ஒண்ணாக் கொட்டக் கூடாதுங்க. அவங்கவங்க பங்கு அவங்கவங்க அடுப்புல" என்றார் அவர். பங்களாவுக்கு இருந்தது ஒரே அடுப்பு. சம்பந்தியம்மா முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

நான் உள்ளே சமைத்தேன். அவர் வெளியே சமைத்தார். அவர் குழம்பு கொதிக்கிற வாசனை உள்ளே வந்தது. மிளகாய் கூடிப்போயிருக்கிறது என்று வாசனையிலேயே தெரிந்தது. வழக்கமாக இங்கிருந்தே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். கூப்பிட நினைத்தபோதுதான், அவரை இத்தனை வருடமாகச் சம்பந்தி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்று உறைத்தது. எங்கள் இருவருக்கும் பெயர்கள் இருக்கின்றன. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு சரி. கோர்ட்டில் பிள்ளைகளுக்கு ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். எங்களுக்கு யார் என்ன சொல்வார்கள்?

சாப்பிட்டு முடித்து ஜீப்பில் கச்சிராயபாளையம் இறங்கினோம். வேனை ஏற்கெனவே யாரோ இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். கள்ளக்குறிச்சி போகிற பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. மறுநாள் வேலை இருக்கிறதென்று கார்த்தியும் எங்களோடு கிளம்பினான். அவனும் நித்யாவும் முதலில் ஏறிப் பின் சீட்டில் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே போனில் பெங்களூர் பஸ்ஸுக்கு இடம் தேட ஆரம்பித்தார்கள். மேலே ஏறும்போது நாங்கள் கெஞ்சியும் நடக்காதது கீழே இறங்கியதும் தானாக நடந்தது. அவர்களுக்கு இனி ஒருவரிடம் ஒருவருக்குப் பயம் இல்லை போலிருக்கிறது.

எங்கள் பஸ் வடக்கனந்தலில் நிற்காது என்பதால் சம்பந்திகள் அடுத்த பஸ்ஸுக்காக அங்கேயே நின்றார்கள். அப்பாக்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு கரும்பு விலையைப் பற்றிப் பேசினார்கள். சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்க்காமல் என் புடவைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார். "பாத்துப் போய்ட்டு வாங்க" என்றார். வரட்டுமாங்க என்றேன். அவ்வளவுதான் எங்களால் முடிந்தது.

நாங்களும் ஏறி உட்கார்ந்ததும் பஸ் நகர்ந்தது. "ஏங்க! ஏங்க!" என்று யாரோ ஒரு பெண் பின்னால் கத்திக்கொண்டு ஓடிவருகிற சத்தம் கேட்டது. பஸ்ஸில் மூன்று நான்கு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அந்த ஊரில் என்னைக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான், அவரும் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார். எதையாவது மறந்துவிட்டு ஏறிய யாரோ ஒருத்திக்கு என்று நினைத்து, மடியில் பையைச் சரியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உன்னத்தான் கூப்பிடறாங்க" என்று வீட்டுக்காரர் என் தோளை உலுக்கினார்.

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதற்குள் பஸ் வேகம் பிடித்துவிட்டது. நடுரோட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது அவர்தான். இரண்டு கையும் வெறுங்கை. எதையும் கொடுக்க ஓடிவரவில்லை. பதிலுக்குக் கூப்பிட நானும் வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.